பர்மிட் போட்டுக் கதவறுப்பவர்

ரிட்டயர் ஆன ஃபிட்டர் வீட்டில் கதவு ஒட்டினால் மணலியில் ஆசாரியைக் கூப்பிடுவதில்லை. ஷட்டவுன் அறிவிப்பார்கள்.

1969-இல் சுத்திகரிப்பு ஆலையும் சில வருடம் கழித்து உரத் தொழிற்சாலையும் ஓடத் தொடங்கிய ஊர் இது. பம்பையும் வால்வையும் கழற்றிப் பூட்டியே தலை நரைத்தவர் தெருவுக்கு ஒருவராவது இருப்பார். ஓய்வு அவருக்குத்தான், அவர் கைக்கு இல்லை. குக்கர் விசில் வராவிட்டால் 'சேஃப்டி வால்வ் ஜாம்' என்பார். வீட்டில் அவர் மெயின்டனன்ஸ், அம்மா ஆபரேஷன்ஸ். இந்த இரண்டு துறையும் எந்த பிளான்ட்டிலும் ஒத்துப்போனதில்லை.

கதவை ஏன் அறுக்கிறார் என்றால், மழைதான் காரணம். 2015 வெள்ளம் வந்தது, 2023-இல் மிக்ஜாம் புயல் வந்தது. ஒவ்வொரு வெள்ளத்துக்கும் பிறகு தெருவை உயர்த்துவார்கள், வீடு பள்ளமாகும், வீட்டுக்காரர் பழைய தரைமேலேயே மண் கொட்டி டைல்ஸ் போடுவார். தரை ஏறும், நிலை ஏறாது. ஆகவே கதவு அடியில் குறைந்தாக வேண்டும். தேக்குக் கதவாக இருந்தவரை இதில் சிக்கலில்லை. எவ்வளவு அறுத்தாலும் உள்ளே தேக்குதான். அது ஊறி உப்பிப்போய், பையன் புதுக்கதவு வாங்கி வந்தான். பார்க்க லட்சணம், தூக்க லேசு, தட்டினால் காலி டிரம்.

இந்த ஸ்கின் டோரின் சங்கதி வேறு. முன்னும் பின்னும் மெல்லிய தோல், நடுவே கண்ணறை கண்ணறையாக அட்டை. நாலு ஓரத்திலும்தான் மரச்சட்டம். பூட்டு வரும் பக்கம் மட்டும் கூடுதலாக ஒரு மரக்கட்டை வைத்திருப்பார்கள். அந்தப் பக்கத்தில் கீல் அடித்தால் பூட்டுக்குப் பிடிப்பே கிடைக்காது. செதுக்கலாம், ஆனால் சட்டத்தின் அகலத்துக்குள். அதைத் தாண்டினால் அட்டை.

நம் ஆளுக்கு அளவு சொல்லித்தர யாராலும் முடியாது. இன்ச் டேப் எடுத்தார். நிலையின் மேல் அகலம் ஒன்று, கீழ் அகலம் ஒன்று. "நிலை அலைன்மென்ட் அவுட்" என்று கட்டிய மேஸ்திரியை, அவர் போய்ச் சேர்ந்து பல வருடமானாலும், விசாரணைக்கு அழைத்தார். பக்கத்துக்கு மூணு மில்லி கிளியரன்ஸ் என்று ஃபீலர் கேஜோடு நின்றார். அது சரியான கணக்குதான், குறை சொல்வதற்கில்லை. பழைய காலண்டரின் பின்பக்கம் பர்மிட் எழுதி அம்மாவிடம் கையெழுத்தும் வாங்கினார்.

"ஏங்க, ஆசாரிய ஒரு வார்த்த கேட்டா என்ன?"

"டர்பைனே பிரிச்சவன்டி நான்."

மார்க் பண்ணிய கோட்டைக் கத்தியால் கீறி, டேப் ஒட்டி, ஹேக்ஸா பிளேடால் அறுத்தார். இரும்பு அறுக்கிற பிளேடு என்று சிரிக்க வேண்டாம். பொடிப் பல்லுக்குத் தோல் பிசிறாமல் வரும், ஆசாரியே மெச்சுவார். மெச்ச முடியாதது ஆழம். புது டைல்ஸுக்கு மேலே மிதியடிக்கும் சேர்த்து அறுத்துவிட்டார். அடிச்சட்டம் முழுதாகக் கழன்று விழ, அதன் இடத்தில் வரிசையாக அட்டை எட்டிப்பார்த்தது.

குனிந்து பார்த்தார். டார்ச் அடித்துப் பார்த்தார். "உள்ள மெட்டீரியலே போடல. மேனுஃபாக்சரிங் டிஃபெக்ட்."

இரும்பு குறைந்தால் வெல்டிங் வைத்து ஏற்றலாம். அந்த ஒரு தைரியத்தில் ஓடிய வாழ்க்கை. அட்டைக்கு எந்த ராடு வைப்பது?

கடைசியில் ஆசாரி வந்தார். கேட்டிலேயே நிறுத்தப்பட்டார். "ஷூ எங்க? கிளவுஸ் எங்க? வேலைக்கு முன்னாடி டூல்பாக்ஸ் டாக் அஞ்சு நிமிஷம், கேட்டுட்டுத் தொடு" என்று இவர் ஆரம்பித்தார். ஹவுஸ்கீப்பிங், ஃபர்ஸ்ட் எய்ட், அசெம்பிளி பாயின்ட் (முருங்கை மரத்தடி) என்று பேச்சு நீண்டது. தலையாட்டிக்கொண்டே ஆசாரி, விழுந்து கிடந்த சட்டத்தில் ஒட்டியிருந்த தோலை உளியால் சீவினார், கதவின் அடியில் அட்டையைக் கொஞ்சம் உள்ளே தள்ளினார், சட்டத்துக்குப் பசை தடவிச் செருகி, கிளாம்ப் போட்டு இறுக்கினார்.

"சரிங்க சார், புரிஞ்சிது. நாளைக்குக் காலைல பசை காஞ்சதும் மாட்டிடலாம். அதுவரைக்கும் யாரும் தொடக்கூடாது."

"அத நான் பாத்துக்கறேன்" என்று உள்ளே போனவர், சிவப்பு அட்டையில் 'டோன்ட் ஆபரேட்' என்று எழுதி, நூல் கட்டி, கைப்பிடி வரவேண்டிய ஓட்டையில் தொங்கவிட்டார். அடியில் கையெழுத்து, தேதி, நேரம்.