விழட்டும், அப்புறம் பார்க்கலாம்

நீலகிரி மாவட்டம் சேரங்கோட்டில் ரோட்டோரம் நிற்கும் ஒரு மரத்தை அப்புறப்படுத்த ஆக விரைவான வழி, அது யார் தலையிலாவது விழுவதுதான். விழுந்துவிட்டால் போதும். தீயணைப்பு வண்டி வரும். பவர் சாவோடு நெடுஞ்சாலைத் துறை ஆட்கள் வருவார்கள். ஜேசிபி வரும். வி.ஏ.ஓ. வருவார், ஆர்.ஐ. வருவார், வனக்காப்பாளர் டேப்பைப் பிடித்துச் சுற்றளவு எடுப்பார், மின்வாரியத்தார் அறுந்த கம்பியைச் சுருட்டுவார்கள். மறுநாள் பேப்பரில் "ஒரு மணி நேரம் போக்குவரத்து பாதிப்பு" என்று நாலு வரி வரும். நின்றபோது நாதியில்லாமல் நின்ற மரத்துக்குப் படுத்த பிறகு எத்தனை உறவுகள்! விறகுக்கு விலை உண்டல்லவா, அதனால் துக்கம் விசாரிக்க ஆள் குறைவதில்லை.

மரம் நிற்கும்போது என்ன நடக்கும்? கொழுந்து பறிக்கும் ஒரு பெண் மனு எழுதிக்கொண்டு புறப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மேலே ரோடு, கீழே அவருடைய லைன் வீடு, நடுவில் மண்திட்டின் விளிம்பில் ஒரு கிழட்டுக் கற்பூர மரம். நட்ட காலத்தில் அது நேராகத்தான் நின்றது. ரோட்டை அகலப்படுத்தியபோது மண்ணை வெட்டினார்கள், ஒரு பக்கத்து வேர் போனது. வடிகால் தோண்டினார்கள், இன்னும் கொஞ்சம் போனது. கேபிள் பதிக்க வந்தவர்கள் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டார்கள். இப்போது அடிமரத்துப் பொந்தில் முழங்கை வரை கையை விடலாம். பட்டையில் தட்டுத் தட்டாகக் காளான் பூத்திருக்கிறது. ஜூனில் வயநாட்டுப் பக்கமிருந்து காற்று அடித்தால் மரத்தின் அடியில் மண் வாயைத் திறந்து மூடுகிறது. அந்த மண்ணில் ஒரு குச்சியை நட்டுவைத்து அது நகர்கிறதா என்று அந்தப் பெண் தினமும் பார்க்கிறார். இதற்கு எந்த நிபுணர் குழுவும் தேவைப்படவில்லை. மழை கனத்தால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பக்கத்து லைனுக்குப் படுக்கப் போகிறார்.

மனுவில் குறையொன்றும் இல்லை. "ஐயா" என்று தொடங்கி "பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்" என்று முடிகிறது. ஆதார் நகல், ரேஷன் கார்டு நகல், செல்போனில் எடுத்த மரப் படத்தின் கலர் பிரிண்ட் எல்லாம் பின் அடித்து வைத்திருக்கிறார்.

முதல் அலுவலகத்தில் சொன்னார்கள்: "இது பஞ்சாயத்து ரோடு இல்லைம்மா, ஹைவேஸ்."

அடுத்த அலுவலகம்: "ரோடு எங்களதுதான். மரம் எங்க எல்லையை விட்டு ரெண்டடி உள்ளே நிக்குது. சர்வே பண்ணாம ஒண்ணும் சொல்ல முடியாது."

சர்வே அலுவலகம்: "அது செக்‌ஷன் 17 நிலம்மா. கேஸ் நடக்குது."

தோட்ட அலுவலகம்: "வீடு எங்களது. மரம் எங்க கணக்குல இல்லை."

கடைசி அலுவலகத்தின் பதிலைத்தான் கல்லில் செதுக்கி வைக்கவேண்டும்: "எங்க காட்டு மரம் இல்லைம்மா. ஆனா எங்க பெர்மிஷன் இல்லாம கைய வெச்சா கேஸ் போடுவோம்."

மரம் எங்களுடையது இல்லை, குற்றம் மட்டும் எங்களுடையது! வள்ளல்கள் வாழ்ந்த நாடு இது. முல்லைக்குத் தேர் கொடுத்தவனைப் பார்த்திருக்கிறோம். மரத்தை வேண்டாமென்று தள்ளிவிட்டு வழக்கை மட்டும் வைத்துக்கொள்ளும் கொடையாளியை இப்போதுதான் பார்க்கிறோம்.

மிச்சமிருப்பது திங்கட்கிழமை. மக்கள் குறைதீர்க்கும் நாள். சேரங்கோட்டிலிருந்து கூடலூர், அங்கிருந்து மலையேறி ஊட்டி, எண்பது கிலோமீட்டருக்குப் பக்கம். அன்றைக்குப் பேர் கிடையாது, அதாவது கூலி கிடையாது. மனுவுக்கு ஒரு நம்பர் கிடைக்கும், செல்போனுக்கு ஒரு எஸ்.எம்.எஸ். வரும். பிறகு அந்த மனு "தக்க நடவடிக்கைக்காக" மலையிறங்கி, மேலே சொன்ன அதே அலுவலகங்களுக்கு, அந்த மரத்தைக் கடந்துதான் போய்ச் சேரும். சில வாரங்களில் பதில் வரும்: மனு பைசல் செய்யப்பட்டது. பைசலான மனு கோப்பில் நிம்மதியாகப் படுத்திருக்க, மரம் காற்றில் ஆடிக்கொண்டிருக்கிறது.

சட்டத்தைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. இந்த மலையில் மரத்துக்குச் சட்டம் வேண்டும் என்பதை இந்த மண்தான் நாட்டுக்கே கற்றுக்கொடுத்தது. கூடலூர், பந்தலூர்ப் பக்கத்து நிலங்கள் நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தின் ஜென்ம நிலங்களாக, அதாவது பரம்பரை உடைமையாக இருந்தவை. ஜென்ம முறையை ஒழிக்க 1969-ல் சட்டம் வந்தது, 1974-ல் நடைமுறைக்கு வந்தது. 80,000 ஏக்கருக்கு மேல் அதில் அடக்கம். அந்தச் சட்டத்தின் 17-வது பிரிவில் சிக்கிய நிலங்கள் யாருடையவை என்ற கேள்வி நீதிமன்றம் நீதிமன்றமாக ஏறி இறங்கியது. 2010-ல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. ஆனாலும் விவகாரம் முற்றிலும் தீர்ந்தபாடில்லை. பட்டா இல்லாமல், மின் இணைப்புக்குக்கூட அல்லாடி ஒரு தலைமுறை இங்கே நரைத்துவிட்டது.

அந்தக் குழப்பத்துக்கு நடுவில்தான் காடு மொட்டையானது. அதைப் பார்த்துப் பொறுக்காமல் 1995-ல் உச்ச நீதிமன்றம் போனவர் அதே நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த டி.என்.கோதவர்மன் திருமுல்பாடு. 1996 டிசம்பர் 12-ல் நீதிபதிகள் வர்மாவும் கிர்பாலும் போட்ட உத்தரவு இந்தியா முழுவதும் காட்டு மரத்தின் மேல் விழுந்த கோடரியைப் பிடித்து நிறுத்தியது. அருணாசலப் பிரதேசத்து மரத்தையும் காத்த உத்தரவுக்கு விதை விழுந்தது கூடலூர் மலைச் சரிவில். இன்னொன்றும் சொல்லவேண்டும். தேயிலைத் தோட்டத்து நிழல் மரங்களை எப்படி வெட்டலாம் என்பதற்கு அந்த உத்தரவு அளவுகோலாக எடுத்துக்கொண்டது அரசுத் தேயிலைத் தோட்ட நிறுவனமான டான்டீயின் அறிக்கையைத்தான். 1964-ன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து அனுப்பப்பட்டவர்களுக்கு வேலை கொடுக்க 1968-ல் தொடங்கப்பட்ட அதே டான்டீ. நாட்டின் மரச் சட்டத்துக்கே அளவுகோல் கொடுத்த மண்ணில், கூரைக்கு மேல் சாய்ந்து நிற்கும் ஒரே ஒரு மரத்தை அளக்க ஆள் இல்லை.

அந்த உத்தரவைத் தலைகீழாகப் படித்த கெட்டிக்காரர்கள் நம்மவர்கள். காட்டைக் கொள்ளையடிக்கும் பெரும்புள்ளிகளைத் தடுக்க வந்த சட்டத்தை, கையெழுத்துப் போடாமல் தப்பிக்கும் சால்ஜாப்பாக மாற்றிவிட்டார்கள். 1955-லிருந்தே மலைப்பகுதி மரங்களுக்குத் தனிச் சட்டம் உண்டு. கலெக்டர் தலைமையில் குழு உண்டு. 2021-ல் பொது இடத்து மரங்களுக்கென்று மாவட்டந்தோறும் பசுமைக் குழுவும் அமைத்தார்கள். ஒன்றை வெட்டினால் பத்து நடவேண்டும் என்றார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் குழு என்பது கூடினால்தானே குழு? கூட வேண்டுமானால் அறிக்கை வேண்டும். அறிக்கைக்கு ஆய்வு வேண்டும். ஆய்வுக்கு மரம் யாருடையது என்று தெரியவேண்டும். மறுபடியும் முதல் அலுவலகத்துக்குப் போங்கள்: "இது பஞ்சாயத்து ரோடு இல்லைம்மா."

மரத்தை வேண்டாம் என்பவர்களில் இன்னொரு இனமும் மலையில் குடியேறியிருக்கிறது. இவர்களுக்கு மரம் ஆபத்தில்லை, தொந்தரவு. வாசலில் சருகு விழுகிறது. கார் மேல் குருவி எச்சமிடுகிறது. பால்கனியில் உட்கார்ந்து டீ குடித்தால் பள்ளத்தாக்கு தெரியாமல் ஒரு கிளை மறைக்கிறது. அறை வாடகைக்கு விடும்போது 'வேலி வியூ' என்று போட்டாயிற்றே, என்ன செய்வது? இந்த வகையறா மனு எழுதிக் காகிதத்தை வீணாக்குவதில்லை. மரம் தானாகவே காய்ந்துவிடும். அடியில் பட்டையை ஒரு சுற்று உரித்தால் காயும். துளைபோட்டு ஆசிட் ஊற்றினால் காயும். குப்பையைக் குவித்துத் தீ வைத்தால் இன்னும் சீக்கிரம் காயும். காய்ந்த மரத்துக்கு அனுமதி கிடைப்பது எளிது என்பது அவர்களுக்குத் தெரியும். இந்த மனுதாரர் மட்டும்தான் தெரியாமல் ஆதார் நகலைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்கிறார். நேர்மையாகக் கேட்டவருக்கு வழக்கு மிரட்டல், விஷம் வைத்தவருக்கு வியூ. இதற்குப் பெயர் வனப் பாதுகாப்பாம்!

நம் ரோட்டோர மரங்களில் சுண்ணாம்புப் பட்டை அடித்து, தாரில் நம்பர் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சமவெளியில் புளியமரமானால் அந்த நம்பரை வைத்து வருஷா வருஷம் மகசூல் ஏலம் போகும். ஏலப் பணத்தை வாங்கும்போது எந்தத் துறைக்கும் எல்லைத் தகராறு வந்ததில்லை. சிங்கப்பூரிலும் மரத்துக்கு நம்பர் உண்டு. அங்கே 2018-ல் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட மரங்களை இணைய வரைபடத்தில் ஏற்றி, யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். அந்த ஊரிலும் மரம் விழுகிறது. 2017-ல் தாவரவியல் பூங்காவில் 270 வயது தெம்புசு மரம் சாய்ந்து ஓர் இந்தியப் பெண் இறந்தார். எந்தத் துறையின் பராமரிப்பு, அது என்ன செய்தது என்று விசாரணையில் கேட்டார்கள். கேட்பதற்கு ஒரு முகவரி இருந்தது. சேரங்கோட்டுக் கற்பூர மரம் விழுந்தால் யாரைப் போய்க் கேட்பது? காற்றையா?

காற்றைத்தான் கேட்கிறார்கள். 2025 மே 25-ல் ஊட்டி – கூடலூர் ரோட்டில் எட்டாவது மைல் அருகே மரம் விழுந்து, கேரளத்திலிருந்து சுற்றுலா வந்த 15 வயதுப் பையன் செத்துப்போனான். சிவப்பு எச்சரிக்கை கொடுத்திருந்த நாள் அது. சில சுற்றுலா இடங்களை மூடினார்கள், பேரிடர் மீட்புப் படை மலைக்கு வந்தது. ஆபத்தான மரங்களைக் கண்டறிவது பற்றிய பேச்சு ஒவ்வொரு சாவுக்குப் பிறகும் எழும், மழை நின்றதும் அடங்கும். கண்டறிவதற்கு என்ன இருக்கிறது? மனுக்கள் கட்டுக் கட்டாக இருக்கின்றனவே, பிரித்துப் படித்தால் தெரியாதா? அவற்றில் போட்டோவும் இருக்கிறது. பேரிடரில் செத்தால் 4 லட்சம் நிவாரணம் என்று விதி இருக்கிறது. ஒரு மரத்தை அறுத்து இறக்கும் கூலிக்கு அதில் ஒரு மூலை போதும். சாவுக்கு ஒதுக்கிய பணம் இருக்கிறது, சாகாமல் இருப்பதற்குத் தலைப்பு இல்லை.

இதே வட்டாரத்தில் ஒரு காரியம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். சேரம்பாடி, சேரங்கோடு பக்கம் 'புல்லட்' என்று பெயர் வாங்கிய காட்டு யானை அரிசிக்காக வீடு வீடாக இடித்துத் தள்ளியது. 2024 டிசம்பர் கடைசியில் வனத்துறை மயக்க ஊசி போட்டுப் பிடித்து ஆனைமலைக்கு ஏற்றிப்போனது. பெரிய வேலைதான், பாராட்டலாம். எப்படி முடிந்தது? யானை வனத்துறையின் பொறுப்பு என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை. "இது ஹைவேஸ் யானை" என்று யாரும் சொல்லவில்லை. செக்‌ஷன் 17-ல் நிற்கும்போது அது யாருடைய யானை என்று சர்வேயருக்கு எழுதிக் கேட்கவும் இல்லை. டன் கணக்கில் எடையுள்ள, ஓடுகிற, கோபப்படுகிற உயிரை நகர்த்த முடிந்த அரசாங்கத்துக்கு, நின்ற இடத்தில் நிற்கிற கிழட்டு மரத்தை நகர்த்த முடியவில்லை.

எல்லா மரத்தையும் வெட்டு என்று யாரும் கேட்கவில்லை. பல நேரம் வெட்டவே வேண்டாம். காற்றுப் பிடிக்கும் கிளைகளைக் கழித்தால் போதும். வேரடி மண்ணுக்குத் தடுப்புச் சுவர் கட்டினால் போதும். முக்கியமாக, வடிகாலுக்கும் கேபிளுக்கும் வேரை அறுக்கும் ஜேசிபியை நிறுத்தினால் போதும். மரத்தை ஆபத்தாக்கியது ரோடு போட்ட துறை. அதே துறை இன்று ரெண்டடிக் கணக்கு சொல்கிறது. அந்தப் பெண்ணுக்கும் மரத்துக்கும் சண்டை இல்லை. இரண்டு பேரும் ஒரே ஜேசிபியால் அடிபட்டவர்கள்.

கலெக்டர் அலுவலகத்துக்கு ஒரே ஒரு விண்ணப்பம். மரத்தை வெட்டித்தாருங்கள் என்றுகூட இனி கேட்கவில்லை. மனு வந்து ஏழு நாளுக்குள் யாராவது ஓர் அதிகாரி நேரில் போய், அந்த மண்ணில் நட்டிருக்கும் குச்சியைப் பார்த்துவிட்டு, "இந்த மரத்தால் ஆபத்து இல்லை, இதை நான் பரிசோதித்தேன்" என்று எழுதி, பெயரும் பதவியும் தேதியும் போட்டுக் கையெழுத்திட்டுக் கொடுக்கட்டும். அந்தக் காகிதம் கையில் கிடைத்தால் மனுவை வாபஸ் வாங்கச் சொல்கிறோம். கையெழுத்துப் போடக் கை நடுங்குகிறதென்றால், மரம் ஆபத்தானது என்று அந்த அதிகாரிக்கும் தெரிந்திருக்கிறது என்றுதான் அர்த்தம். அப்படியானால் அறுக்கும் ஆளை அனுப்பட்டும், ஜூனுக்கு முன்னால்.