பிணமும் யோசிக்கும் பத்தி

திருவல்லிக்கேணியில் ஒரு சிற்றிதழ் அலுவலகம். மெய்ப்புத் திருத்தியே தலை நரைத்த பெரியவர் ஒரு சிறுகதையின் மூன்றாம் பக்கத்தில் சிவப்புப் பேனாவோடு நின்றுவிட்டார். எதிரே கதையை எழுதிய இளைஞர். முதல் கதை, முகத்தில் இரண்டாம் பரிசுக்குக்கூட இடமில்லை.

"தம்பி, இது சாவு வீடுதானே?"

"ஆமா சார்."

"ஒரே பத்தியில மூத்த மருமக வளையலை நினைக்கிறா. சின்ன மகன் உயிலை நினைக்கிறான். பந்தல்காரன் பாக்கியை நினைக்கிறான். வாசல்ல நாய் நினைக்குது. கடைசியில பிணமும் நினைக்குது. அந்த வீட்டுல யோசிக்காம இருக்கிறது பாடை ஒண்ணுதான்."

"கல்கி செய்யலையா சார்? பொன்னியின் செல்வன்ல எல்லார் மனசுக்குள்ளயும் போய்ட்டு வர்றாரே!"

இளைஞர் வெறுங்கையோடு வரவில்லை. முன்னோடிகளைச் சாட்சிக்குக் கூட்டி வந்திருந்தார்.

"போறாரு. ஆனா முதல் அத்தியாயத்துலயே வாசகரைக் கையோட கூட்டிட்டுத்தான் கிளம்புறாரு. சொல்றவர் யாருன்னு கடைசி வரைக்கும் நமக்கு மறக்காது. அத்தனையும் தெரிஞ்ச அந்த மனுஷன், ஆதித்த கரிகாலன் சாகிற இடத்துல விளக்கை அணைச்சிடுறாரு. குத்தினது யாருன்னு வாசகர்கள் இன்னும் சண்டை போடுறாங்க. நீயா இருந்தா கத்தி என்ன நினைச்சுதுன்னு எழுதியிருப்பே."

"சரி, பிணத்துக்கு ஜப்பான் எழுத்தாளர் அகுதாகவா இருக்கார். 1922ல அவர் எழுதின கதையில செத்தவனே சாட்சி சொல்றான்."

"ஏழு வாக்குமூலம் தம்பி, ஒவ்வொண்ணும் தனித்தனி. விறகுவெட்டி பேசும்போது கொள்ளைக்காரன் மனசு நமக்குத் தெரியாது. செத்தவன்கூட ஆவி வந்தவ வாய் வழியா, தன் முறை வந்த பிறகுதான் பேசுறான். கேட்டு முடிச்சா, கொன்னது யாருங்கிறதுக்கு மூணு பதில். உன் பிணத்துக்கு வரிசையில நிக்கிற பொறுமையே இல்லையே!"

(அந்தக் கதையிலிருந்து குரோசவாவின் 'ராஷோமோன்' படம் வந்தது, அதன் பாதிப்பில் வீணை பாலசந்தர் 1954இல் ஒரு பாட்டுகூட இல்லாமல் 'அந்த நாள்' எடுத்தார். பெரியவரும் இளைஞரும் சண்டை மும்முரத்தில் அதை விட்டுவிட்டார்கள்.)

"வம்பே வேண்டாம் சார். எல்லாத்தையும் 'நான்'னு மாத்திடுறேன்."

"அது விகுதி மாத்துற வேலைன்னு நினைச்சியா? ஜெயகாந்தன் 1966ல 'அக்கினிப் பிரவேசம்' எழுதினாரு. மழையில காருல ஏறிப் போய்ட்டு வந்த பொண்ணு தலையில அம்மா தண்ணி ஊத்தி, அழுக்கெல்லாம் போச்சுன்னு முடிச்சிடுறா. வெளியில நின்னு சொன்ன கதை. 1970ல 'சில நேரங்களில் சில மனிதர்கள்' வருது. அதுல அந்தப் பொண்ணு, கங்கா, தன் கதையைத் தானே சொல்றா. அங்க அம்மா கூச்சல் போட்டு ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. பழைய சிறுகதை, வேற ஒருத்தர் எழுதினதா நாவலுக்குள்ளயே வருது. கங்கா அதைப் படிக்கிறா! அவ 'நான்'னு சொல்ற வரைக்கும் அம்மா பக்கத்து நியாயத்தை நாமதான் வரிகளுக்கு நடுவுல தேடிக்கணும். உன் சாவு வீட்டுல யாரை 'நான்' ஆக்கப்போறே? அந்த ஆளுக்கு என்ன தெரியாது?"

'என்ன தெரியாது' என்ற கேள்வி இளைஞருக்குப் புதிது. பேனாவை வாங்கினார். வளையல் போயிற்று. பந்தல்காரர் போனார். பிணம் ஓய்ந்தது.

"நாயை மட்டும் விடமாட்டேன் சார். அன்னா கரேனினாவுல லாஸ்கா யோசிக்கலையா?"

"யோசிக்குது, மூக்கால. பறவை எங்க இருக்குன்னு அதுக்கு வாசம் வந்தாச்சு. எஜமான் லெவின் வேற பக்கம் போகச் சொல்றான். தப்புன்னு தெரிஞ்சும் போகுது. டால்ஸ்டாய் அதுக்கு மேல அதைப் படிக்கவைக்கலை. உன் நாய் சொத்து வரி பத்திக் கவலைப்படுது."

"அப்போ உயிலைத் திருடினது யாருன்னு வாசகருக்கு எப்படிச் சொல்றது?"

"சின்ன மருமக மடியில செத்தவரோட தைல வாசம் அடிக்கட்டும். நாய் அவளையே சுத்தி வரட்டும். அங்க காகிதம் இருக்குன்னு அதுக்குத் தெரியவேண்டாம். படிக்கிறவன் கண்டுபிடிச்சுக்குவான்."

இளைஞர் பரபரவென்று எழுதிக்கொண்டார். வாசல்வரை போய்த் திரும்பினார்.

"முடிவுல மட்டும் அந்த நாய் சமூகத்துக்கு ஒரு கருத்து சொல்லலாமா சார்?"