மாப்பிள்ளை, அந்தப் பால்கனி யாருக்கு?

வாங்க மாப்பிள்ளை, பசியாறிட்டீங்களா? உக்காருங்க. சிங்கப்பூர்ல சம்பளம் வாங்கி ஜொகூர் பாருல வீடு கட்டுனவரு நீங்க. உங்களுக்குப் புத்தி சொல்ல நான் யாரு? குளுவாங் பக்கம் பால் மரம் வெட்டியே காலத்தை ஓட்டுனவன். பள்ளிக்கூட லீவுக்கு சொகுசுக் கப்பல்ல போறதா மக சொன்னா. பால்கனி வச்ச கேபின்தான் வேணும்னு நீங்க ஒத்தக் கால்ல நிக்கிறதாவும் சொன்னா. நல்ல காரியம். நான் ஒண்ணும் குறுக்க பேசல. சும்மா சில சந்தேகம் கேட்டுக்கிறேன்.

நம்ம குடும்பத்துக்குக் கப்பல் ஒண்ணும் புதுசு இல்ல பாருங்க. எங்க அப்பா ஜப்பான்காரன் வர்றதுக்கு முன்னாடி நாகப்பட்டினத்துல ரஜுலா கப்பல் ஏறி பினாங்குல இறங்குனவரு. 1926-ல ஓட ஆரம்பிச்ச கப்பல் அது. 8,000 டன்னுக்குக் கொஞ்சம் மேல. அதுல மேல்தளத்துல மட்டும் 5,000 பேருக்கு மேல ஏத்திக்க அந்தக் காலத்துல அனுமதி இருந்துச்சு. அவருக்கும் பால்கனி கெடைச்சுது மாப்பிள்ளை. கப்பலே பால்கனிதான். பாயை விரிச்சுப் படுத்தா தலைக்கு மேல வானம், பக்கத்துல யாரோட காலோ. இப்ப நீங்க போகப்போற கெந்திங் ட்ரீம் 2016-ல ஜெர்மனியில கட்டுனது. 1,50,000 டன்னுக்கு மேல, 335 மீட்டர் நீளம். அதுல படுக்குறது மூவாயிரத்துச் சொச்சம் பேரு. அப்பா கப்பலைப் போல பதினேழு, பதினெட்டு மடங்கு பெருசு, ஆளு மட்டும் கம்மி. அதனால எந்த மூலையில படுத்தாலும் நீங்க ராஜாதான். இதை மனசுல வச்சுக்கிட்டு அப்புறம் பால்கனியப் பத்திப் பேசுவோம்.

கேபின் நாலு விதம். உள்ளறை: சன்னலே கெடையாது. கடல் பாக்குற அறை: கண்ணாடிச் சன்னல் உண்டு, தொறக்க முடியாது. அப்புறம் உங்க பால்கனி. கடைசியா சூட், அது கெந்திங் மலையில சீட்டு விளையாடிச் செயிச்சவங்களுக்கு. உள்ளறை சுமாரா 150 சதுர அடி இருக்கும். லயத்துல எட்டுப் பேரோட பொறந்து வளர்ந்தவன் நான், எனக்கு அது மாளிகை. ஒரு குறை உண்டு. வெளக்கை அணைச்சா கும்மிருட்டு. காலையா ராத்திரியான்னு தெரியாது. நீங்க லீவு நாள்ல பதினோரு மணிக்கு எந்திரிக்கிறவரு. உங்களுக்குன்னே செஞ்ச அறை மாதிரி இருக்கு, கோவிச்சுக்காதீங்க.

இப்ப என் சந்தேகம். மூணு ராத்திரிப் பயணத்துல நீங்க அறையில இருக்கப்போறது எவ்வளவு நேரம்? விடிஞ்சா சாப்பாட்டு மண்டபம், அப்புறம் நீச்சல் குளம், பிள்ளைங்களுக்கு சறுக்கு, சாயங்காலம் நாடகம், ராத்திரி நீங்க மட்டும் "சும்மா பாத்துட்டு வரேன்"னு சொல்லிட்டு காசினோ. பால்கனியில உக்காரப்போறது யாரு? நாற்காலியில காயப்போட்ட துண்டுதான். துண்டுக்கு எதுக்கு மாப்பிள்ளை கடல் காட்சி?

சரி, வாங்கித்தான் ஆவேன்னா பக்கத்தையாவது பாத்து வாங்குங்க. சிங்கப்பூர்ல இருந்து பினாங்கு, பூக்கெட்டுன்னு வடமேற்கா போற கப்பல்ல வலது பக்கம் நம்ம மலேசியக் கரை, இடது பக்கம் சுமத்ரா. சூரியன் விழுறது இடது பக்கம். திரும்பி வரும்போது எல்லாம் தலைகீழா மாறிடும். வலது பக்கத்துக்காரங்களுக்குத் தஞ்சோங் பியாய் தாண்டுனதும் பூலாவ் பீசாங் தீவோட கலங்கரை விளக்கம் தெரியலாம். 1886-ல கட்டுனது. தீவு ஜொகூரோடது, விளக்கை இன்னைக்கும் பாத்துக்கிறது சிங்கப்பூர். அங்கேருந்து கரைப் பக்கம் மினுக்குற வெளிச்சம் பொந்தியான். ஆயிரக்கணக்குல வெள்ளி கட்டி, ராத்திரி இருட்டுல, தூரத்துல நின்னு பொந்தியானைப் பாக்கணும்னு உங்களுக்கு ஆசை இருந்தா நான் தடுக்கல. பஸ்ஸுல போனா பக்கத்துலயே பாக்கலாம், மீன் சூப்பும் குடிக்கலாம்.

இன்னொண்ணு. எல்லாச் சன்னலும் கடலைப் பாக்காது. சில தளத்துல உயிர்காக்கும் படகு நேரா கண்ணுக்கு முன்னாடி தொங்கும். அந்த அறை வெலை கொஞ்சம் மலிவா இருக்கும். "நல்லா சல்லிசா கெடைச்சுது"ன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுப் போய்ப் பாத்தா ஆரஞ்சுக் கலர்ல படகு முதுகு. பதிவு செய்யும்போது "பார்வை மறைக்கும்"னு சின்ன எழுத்துல போட்டிருப்பாங்க. உங்களுக்குக் கண்ணாடி வேணும்னா என்னோடதைத் தரேன்.

எடம் எப்படிப் பாக்குறதுன்னு கேக்கறீங்களா? கேக்கலைன்னாலும் சொல்றேன். கப்பல் அலையில ஆடுறது பிள்ளைங்க ஏறுற ஏத்த எறக்கப் பலகை மாதிரி. ரெண்டு நுனியும் தூக்கித் தூக்கிப் போடும், நடுவுல உக்காந்தவன் சிவனேன்னு இருப்பான். அதோட உசரத் தளம் பக்கவாட்டுல அதிகமா அசையும். அதனால வயித்தைப் பெரட்டுறவங்களுக்கு நடுக் கப்பல், கீழ்த்தளம். எங்க வீட்டம்மாவுக்குக் குளுவாங்ல இருந்து மூவார் போறதுக்குள்ள ரெண்டு பிளாஸ்டிக் பை வேணும், உங்களுக்கே தெரியும். ஆனா மலாக்கா நீரிணைக்கு சுமத்ரா ஒரு சுவரா நிக்குது, பெரிய அலை வர்றது அபூர்வம். ஏப்ரல்லேருந்து நவம்பர் வரைக்கும் விடியக்காலையில சுமத்ரா பக்கமிருந்து திடீர்னு காத்தும் மழையும் அடிக்கும், அவ்வளவு பெரிய கப்பலுக்கு அது கொசுக்கடி. பஃபேயில நாலு தட்டு சாப்பிட்டுட்டு வாந்தி வந்தா கடலைத் திட்டாதீங்க. வியட்நாம் பக்கம் தென்சீனக் கடல்ல போறதா இருந்தா கதை வேற. நவம்பர்லேருந்து மார்ச்சு வரைக்கும் மெர்சிங்ல தியோமான் படகுக்காரனே கடலுக்குப் போக யோசிக்கிறான். அந்த மாசத்துல கப்பலோட மூக்கு நுனியில அறை எடுத்தீங்கன்னா, மாமியார் சாபம் உங்களைச் சும்மா விடாது.

சத்தத்தையும் பாருங்க. கப்பலோட தள வரைபடத்தை வாங்கி மேலயும் கீழயும் என்ன இருக்குன்னு பாக்கணும். நீச்சல் குளத்துக்கு நேர் கீழ எடுத்தா விடியக்காலையில நாற்காலி இழுக்குற சத்தம். நாடகக் கொட்டகைக்கு மேல எடுத்தா ராத்திரி பூரா தாளம். லிஃப்டுக்குப் பக்கத்துல எடுத்தா ஊரே உங்க வாசல்ல நின்னு பேசும். மேல கேபின், கீழ கேபின், நடுவுல நம்ம கேபின், அதுதான் தூக்கம் வர்ற எடம். "கேரண்டி" ரேட்டுன்னு ஒண்ணு சொல்லுவாங்க. அறையோட வகை மட்டும் உறுதி, எந்த அறைங்கிறதைக் கம்பெனி பின்னாடி சொல்லும். தனி ஆளுக்கு அது மிச்சம். குடும்பத்தோட போறவன் அதை வாங்கினா, பிள்ளை ஒரு தளத்துல, தாத்தா இன்னொரு தளத்துல.

காசுக் கணக்கை நான் சொல்லக்கூடாது, நீங்க படிச்சவரு. ஆனாலும் சொல்றேன். வெளம்பரத்துல போட்ட வெலை ஒரு ஆளுக்கு, அதுவும் அறைக்கு ரெண்டு பேர்ங்கிற கணக்குல. தனியா ஒருத்தர் ஒரு அறை எடுத்தா ரெண்டு பேர் காசும் பெரும்பாலும் அவர் தலையிலதான். துறைமுக வரி தனி. ஊழியர் அன்பளிப்பு, ராத்திரிக்கு இவ்வளவுன்னு ஆள் கணக்குல தனி. வைஃபை தனி. நல்ல சாப்பாட்டுக் கடைகள்ல பாதி தனி. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். போனை ஏறுனதுமே விமானப் பயண முறையில போட்டுடுங்க. கடல் நடுவுல கப்பல் சிக்னல்ல மாட்டி நீங்க மூணு நிமிஷம் வீடியோ பாத்தா, அடுத்த மாசம் பில்லைப் பாத்து மக அழுவா.

இவ்வளவும் சொல்லிட்டேன், பெரிய கண்டத்தை இன்னும் சொல்லல. மலாக்கா நீரிணை இல்ல மாப்பிள்ளை, காஸ்வே. நீளம் ஒரு கிலோமீட்டரும் கொஞ்சமும். உங்க கப்பல் மாதிரி மூணை வரிசையா நிறுத்துனா கிட்டத்தட்ட அக்கரை போய்ச் சேந்துடும். 1924-ல திறந்து வச்சாங்க, அன்னையிலேருந்து நம்ம ஆளுங்க அதுல நிக்கிறாங்க. 2025 ஜனவரியிலேருந்து ஜொகூருக்கும் சனி ஞாயிறு லீவாயிடுச்சு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரெண்டு பக்கத்து ஊரும் ஒரே பாலத்துல. கப்பல்காரன் புறப்படுறதுக்கு ஒரு மணி நேரத்துக்கும் முன்னாடியே ஏறுற கதவைச் சாத்திடுவான். "நான் வூட்லண்ட்ஸ்ல நிக்கிறேன், இதோ வந்துட்டேன்"னு போன்ல கெஞ்சுனா நங்கூரத்தை மறுபடி எறக்க மாட்டான். கார்ல போகாதீங்க. ஜேபி சென்ட்ரல்ல ஷட்டில் தெப்ராவ் ரயிலுக்கு முன்கூட்டியே டிக்கெட் எடுங்க, ஏறி உக்காந்தா 5 நிமிஷம். வூட்லண்ட்ஸ்லேருந்து சிவப்பு வரி எம்.ஆர்.டி. புடிச்சா, அது போய் முடியிற நிலையம் மரினா சவுத் பியர். எறங்கிக் கொஞ்சம் நடந்தா மரினா பே கப்பல் நிலையம், 2012-ல திறந்தது. பழைய நெனப்புல ஹார்பர்ஃபிரண்டுக்குப் போயிடாதீங்க. அங்க செந்தோசா கேபிள் கார் கம்பி குறுக்க இருக்கு. 52 மீட்டருக்கு மேல உசரமான கப்பல் அதுக்குக் கீழ நுழைய முடியாது. டிக்கெட்டுல எந்த நிலையம்னு போட்டிருக்கோ அதைப் படிங்க. சில பயணத்துக்குக் கிள்ளான் துறைமுகத்துலயும் ஏறலாம், அப்படி இருந்தா காஸ்வே கண்டமே இல்ல. ஏஜெண்டைக் கேட்டுப் பாருங்க.

கடப்பிதழ்ல ஆறு மாசத்துக்குக் குறையாம நாள் இருக்கணும். சிங்கப்பூர் வருகை அட்டையை நுழையுறதுக்கு முந்தின மூணு நாளைக்குள்ள இணையத்துல நிரப்பணும், காசு கெடையாது. காசு கேக்குற இணையத்தளம் வந்தா அது வேற ஆளு. கப்பல் திரும்பி வந்து சிங்கப்பூர்ல எறங்கும்போதும் புதுசா உள்ள நுழையுற கணக்குதான், அதுக்கும் இன்னொரு அட்டை. உங்களுக்கு வேலை அனுமதி இருக்குறதால தரைவழியா நுழையும்போது மட்டும் அட்டை வேணாம், வீட்டுல உள்ளவங்களுக்கு ரெண்டு தடவையும் வேணும், மறந்துடாதீங்க. நம்ம சின்ன மக மாசமா இருக்கா. 24 வாரம் ஆயிடுச்சுன்னா பொதுவா கப்பல்ல ஏத்த மாட்டாங்க. கைக்குழந்தைக்கு ஆறு மாசமாவது ஆகியிருக்கணும். தேதி குறிக்கும்போது பஞ்சாங்கத்தோட அவ கிளினிக் அட்டையையும் பாருங்க.

ஏறுனதும் ஆபத்து ஒத்திகை நடக்கும். அதுல கூடுற எடம் எதுன்னு நல்லாப் பாத்துக்குங்க. அதுல மட்டும் நான் வெளையாட்டு பேச மாட்டேன். நம்ம சனங்களைச் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் ஏத்தி எறக்குன எம்.வி. சிதம்பரம் 1985-ல தீப்பிடிச்சுப் பல உயிர் போச்சு. 2012-ல இத்தாலிக் கரையில கோஸ்டா கோன்கோர்டியா கவுந்தப்ப, புதுசா ஏறுன நூத்துக்கணக்கான பேருக்கு ஒத்திகையே நடந்திருக்கல. அதுக்கப்புறம்தான் கப்பல் கெளம்புறதுக்கு முன்னாடியோ கெளம்புன உடனேயோ ஒத்திகை முடிஞ்சாகணும்னு உலகச் சட்டம் வந்துச்சு.

சரி, என் முடிவைச் சொல்றேன், எடுத்துக்கிறதும் விடுறதும் உங்க இஷ்டம். கேபினை வெலையைப் பாத்தும் எடுக்கக்கூடாது, எதிர் வீட்டுக்காரர் போட்ட போட்டோவைப் பாத்தும் எடுக்கக்கூடாது. அதுல யாரு என்ன செய்வாங்கன்னு பாத்து எடுக்கணும். நாள் பூரா சுத்துற உங்களுக்கும் பிள்ளைங்களுக்கும் உள்ளறை போதும், மேலேருந்து இழுத்து விடுற கட்டில்ல பிள்ளைங்க சந்தோசமாப் படுப்பாங்க. அதுக்கு நேர் எதிர் அறையை மட்டும் பால்கனியோட எடுங்க. நடுக் கப்பல், ரொம்ப உசரம் வேணாம், போகும்போது சூரியன் விழுற இடது பக்கம். பகல்ல எல்லாரும் வந்து காத்து வாங்கலாம். ராத்திரி அங்க படுக்குறதுக்கு வயசானவங்க யாராவது இருந்தா நல்லது. சுத்தத் தெம்பில்லாம, ஒரே எடத்துல உக்காந்து கடலைப் பாத்துக்கிட்டு, துண்டு பறக்காமக் காவல் காக்குற ஆளுங்க. அப்படி யாரு இருக்காங்கன்னு நான் எப்படிச் சொல்றது, நீங்களே யோசிங்க.

எனக்கும் உங்க மாமியாருக்கும் கடப்பிதழ்ல இன்னும் ரெண்டு வருசம் பாக்கி இருக்கு. பேரை அதுல உள்ள மாதிரியே, ஏ/எல், ஏ/பி விடாம எழுதி அனுப்புங்க.