அறுக்காத கத்தி

மேலகரத்தில் வெயிலும் சாரலும் மாறி மாறி வந்துகொண்டிருந்தன. குற்றாலத்தில் குளிக்கலாம் என்று பெங்களூருவிலிருந்து வந்த ஐடி பேத்தி, பையிலிருந்த சாமான்களைக் கட்டிலில் பரப்பினாள். கருப்புப் பிடி போட்ட கத்தி, கிண்ணம், கோல், ஐந்துமுனை நட்சத்திரம் செதுக்கிய தட்டு.

சுடலைமாடனுக்குக் கோமரத்தாடும் தாத்தா கத்தியை எடுத்துப் பெருவிரலால் தடவிப் பார்த்தார்.

"மொண்ணையால்லா இருக்கு. எலுமிச்சம்பழமாவது அறுக்குமாட்டி?"

"தொடாதீங்க தாத்தா! அது அத்தாமே. விக்கா பூஜைக் கத்தி. எதையும் அறுக்கக் கூடாது. காத்துல வட்டம் போட்டு சக்தியைத் திருப்புறதுக்கு."

"அப்ப அறுக்கதுக்கு?"

"வெள்ளைப் பிடிக் கத்தி தனியா இருக்கு. போலின்னு பேரு."

"யாவாரி கெட்டிக்காரன்."

பேத்திக்குச் சுருக்கென்றது. "உங்க மாடனோட வல்லய ஈட்டி மட்டும் என்னவாம்? வருஷம் பூரா பீடத்துல சும்மாதானே நிக்குது? கோயில் கொடைக்கு மட்டும் எடுத்து ஆடுறீங்க. மூடநம்பிக்கை!"

"ஒன்னோடது?"

"இது ஸ்பிரிச்சுவாலிட்டி."

தாத்தா கோலைக் கையில் எடுத்தார். "இது நம்ம சரக்கு. குறவஞ்சியில குறத்தி வச்சிருக்க மாத்திரைக்கோல். வெள்ளக்காரன் தூக்கிட்டுப் போயிட்டான்." இந்தத் திருட்டுக்குச் சாட்சி கிடையாது. குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் பிறந்த ஊர் மேலகரம். அங்கே எந்தப் பேச்சும் சுற்றிச் சுற்றி அவரிடம்தான் போய் நிற்கும்.

"எங்க மதம் கற்காலத்துப் பழசு தாத்தா."

பழசுதான், தாத்தாவை விடச் சின்னது. விக்கா என்ற சூனியக்கார மதத்தை ஊரறியச் செய்தவர் ஜெரால்டு கார்ட்னர். இங்கிலாந்தில் சூனியத் தடுப்புச் சட்டம் 1951இல் நீக்கப்பட்டது. 1954இல் அவர் சூனியக்காரர்களைப் பற்றிப் புத்தகம் போட்டார். கத்தி, கோல், கிண்ணம் எல்லாம் அவர் வழியாகப் பரவியவை. வாலிபத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலும், பிறகு மலாயா சுங்க இலாகாவிலும் வேலை பார்த்தவர். தேயிலைத் தோட்டத்தைப் பேத்தி சொன்னதும் தாத்தா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"தேயிலத் தோட்டமா? நம்ம சனம் பூரா அங்கதானட்டி கெடந்துச்சு! மாடன் கொடையப் பாத்துருப்பான். வல்லயத்தச் சின்னதாக்கி வித்துட்டான்."

"அதுக்கு ஆதாரமே இல்ல தாத்தா."

"பாக்கலன்னும் ஆதாரம் இல்லல்லா?"

கார்ட்னர் எதைப் பார்த்துச் சொக்கினார் என்பதற்கு அச்சிலேயே ஆதாரம் இருக்கிறது. சூனியப் புத்தகத்துக்கு 18 ஆண்டுகள் முன்பே, 1936இல், அவர் ஒரு நூல் வெளியிட்டிருந்தார். அது மலாய்க்காரர்களின் கிரிஸ் கத்தியைப் பற்றியது.