அரை டிக்கெட்டின் அறிவியல்: காரைக்கால்மேட்டுப் பிள்ளைகளின் வயது குறித்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

மனிதருக்கு ஆண்டுக்கு ஒரு வயது கூடும் என்பது அறிஞர்கள் துணிபு. டிக்கெட் கவுண்டர் முன் நிற்கும் பிள்ளைக்கு இது பொருந்தாது என்பதை இக்கட்டுரை நிறுவுகிறது. கவுண்டரை நெருங்க நெருங்க வயது குறைகிறது. டிக்கெட்டைக் கிழித்துக் கையில் கொடுத்த மறுகணம் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது.

ஆய்வுக் களமும் காலமும்

காரைக்கால்மேடு மீனவர் ஊர். கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையேறி, பழுது பார்க்கப்பட்டு, பெயிண்ட் காய்ந்துகொண்டிருக்கும். பள்ளிகளின் கோடை விடுமுறையும் இதை ஒட்டியே வருகிறது. அப்பா வீட்டில் இருக்கும் நாளும் பிள்ளைக்குப் பள்ளி இல்லாத நாளும் ஒன்றுகூடும் அபூர்வ காலம்; வருமானம் மட்டும் அதில் கூடுவதில்லை. "தீம் பார்க் போகணும்" என்று பிள்ளை அழத் தொடங்குவதும் அப்போதுதான். தீம் பார்க் என்றால் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்து வடக்கே சென்னைப் பக்கம் போக வேண்டும். ஆகவே வயதுக் குறைவு என்னும் நிகழ்வை ஆராய இதைவிடப் பொருத்தமான களமும் பருவமும் இல்லை.

முதற் கண்டுபிடிப்பு: ஒரு பிள்ளை, பல வயது

திருநள்ளாறு இவ்வூருக்குப் பக்கம். அங்கே கோயிலில் அர்ச்சனைத் தட்டோடு நிற்கும் தாய் பிள்ளையின் ராசி, நட்சத்திரம், பாதம் வரை மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறார். பிறந்த நாழிகைகூடத் தெரியும். அதே தாய்க்குப் பேருந்தில் ஏறியதும் பிறந்த ஆண்டு மட்டும் மறந்துபோகிறது.

பள்ளிச் சேர்க்கையிலோ நிலைமை தலைகீழ். வலக்கையைத் தலைக்கு மேலே வளைத்து இடக்காதைத் தொட்டால் ஐந்து வயது என்று கணித்த காலம் ஒன்று இருந்தது. எட்டாத விரலை எட்டவைக்கப் பெற்றோர் பட்ட பாடு கொஞ்சமல்ல. தொட்டவனுக்குத் தலைமையாசிரியரே ஒரு பிறந்த தேதி போட்டுக் கொடுத்தார். ஆக, மே மாதப் பேருந்தில் சிறுத்த பிள்ளை ஜூன் மாதப் பள்ளியில் பெருத்துவிடுகிறான்.

இரண்டாம் கண்டுபிடிப்பு: வரம்பை உயர்த்தினால் பொய்யும் உயரும்

தமிழ்நாடு அரசுப் பேருந்துகளில் முன்பு மூன்று வயது வரைதான் இலவசம். 2022இல் அது ஐந்தாக்கப்பட்டது. நல்ல திட்டம். ஆனால் நேற்றுவரை "மூணு ஆகல சார்" என்று சொல்லப்பட்டவன் ஐந்து வயதுக்காரன். இன்று "அஞ்சு ஆகல சார்" என்று சொல்லப்படுபவன் ஏழு வயதுக்காரன். அரசு எத்தனை ஆண்டு கொடுத்தாலும் அதற்கு மேல் இரண்டாண்டைப் பெற்றோர் தம் பங்காகச் சேர்த்துக்கொள்கின்றனர்.

நடத்துனர்களும் ஆய்வாளர்களே. கைதேர்ந்தவர் தாயிடம் வயதைக் கேட்பதில்லை.

"தம்பி, என்ன படிக்கிறே?"

"ஒண்ணாங் கிளாஸ் முடிச்சிட்டேன்!"

"அம்மா, ஒரு அரை டிக்கெட்."

"அவன் சும்மா சொல்றான் சார், பால்வாடிதான்..."

"இல்லம்மா, நான்தான் கிளாஸ் லீடரு!"

வழக்கு இத்துடன் முடிந்தது. வளர்ந்ததில் பெருமை கொள்ளும் சாட்சியைப் பெற்ற தாயாலும் பிறழவைக்க முடியாது.

மூன்றாம் கண்டுபிடிப்பு: பிறந்தநாள் ஒரு பொருளாதாரப் பேரிடர்

ரயிலில் ஐந்து வயது நிரம்பாதவருக்குக் கட்டணம் இல்லை. ஐந்து நிரம்பிய அன்று அரைக் கட்டணம். இது எத்தனை விழுக்காடு உயர்வு என்று கணக்கிட முயன்றோம். பூச்சியத்தால் வகுக்க முடியாது என்பதால் கைவிட்டோம். பன்னிரண்டு நிரம்பினால் முழுக் கட்டணம். ஒரே இரவில் நூறு விழுக்காடு உயர்வு. 2016 ஏப்ரல் 21 முதல் இன்னொரு நுட்பமும் சேர்ந்தது. அதுவரை அரை டிக்கெட்டுக்கு முழுப் படுக்கை கிடைத்தது. அதன்பின் படுக்கை வேண்டுமென்றால் முழுக் கட்டணம், அரைக் கட்டணம் என்றால் பெற்றோர் படுக்கையில் ஒண்டல். காரைக்காலிலிருந்து சென்னைக்கு இரவு ரயிலில் போகும் குடும்பத்தில், அரைக் கட்டணத்தில் மிச்சம் பிடித்த தந்தை விடிய விடிய ஒருக்களித்தே கிடக்கிறார்.

நான்காம் கண்டுபிடிப்பு: அயல்நாட்டு வயது

காரைக்கால் வீடுகள் பலவற்றுக்குப் பிரான்சில் உறவு உண்டு. ஒப்பீட்டுக்கு அது உதவுகிறது. ஃப்ளோரிடாவின் டிஸ்னி பூங்காவில் பத்து வயதானால் பெரியவர் டிக்கெட். பாரிஸ் டிஸ்னியில் பதினொன்று வரை சிறுவர்தான். மாமா வீட்டுக்குப் பாரிஸ் போகும் பத்து வயதுப் பையன் அமெரிக்கக் கணக்கில் பெரிய மனிதன், பிரெஞ்சுக் கணக்கில் குழந்தை. வயது என்பது இடத்தைப் பொறுத்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஐந்தாம் கண்டுபிடிப்பு: உயரக் கோல்

வயதைக் கேட்டால்தானே பொய் என்று சில பூங்காக்கள் உயரத்தை அளக்கின்றன. வொண்டர்லாவில் 85 செ.மீ.க்குக் கீழே இலவசம். 140ஐத் தாண்டினால் பெரியவர். கோலிடம் ஜாதகம் செல்லாது. ஆனால் உள்ளே பெரிய ராட்டினங்களில் ஏறவும் உயரம் பார்க்கிறார்கள். வாசலில் அப்பா தோளை அமுக்கி, "முட்டிய மடக்குடா" என்று காதோடு சொல்கிறார். மகனோ ராட்டினத்தை நினைத்துக் குதிகாலைத் தூக்குகிறான். இரு விசைகளும் ஒன்றையொன்று சமன் செய்துவிட, கோல் உண்மையான உயரத்தையே காட்டுகிறது. சீன ரயில்வேயும் நெடுங்காலம் குழந்தைகளை உயரத்தால்தான் அளந்தது. நெட்டையான பிள்ளைகளுக்கு அநீதி என்ற முறையீடு வலுத்து, 2023 ஜனவரி 1 முதல் வயதுக்கு மாறியது. கோலுக்கும் குறை உண்டு என்று தெரிகிறது.

தீர்வு

பெற்றோர் எல்லா வயதிலும் பொய் சொல்வதில்லை. வரம்பை ஒட்டிய வயதில்தான் சொல்கிறார்கள். எட்டு வயதுப் பிள்ளையை ஏழு என்று எந்தத் தாயும் சொன்னதில்லை, அதனால் ஒரு காசு லாபமில்லை. குற்றம் தாயிடம் இல்லை, கட்டணத்தில் இருக்கும் செங்குத்தான படியில் இருக்கிறது. படியைச் சரிவாக்குங்கள்: ஒரு வயதுக்குப் பன்னிரண்டில் ஒரு பங்கு, இரண்டுக்கு இரண்டு பங்கு, பன்னிரண்டுக்கு முழுத் தொகை. 600 ரூபாய் டிக்கெட்டில் ஓராண்டை மறைத்தால் மிஞ்சுவது 50 ரூபாய். அதற்காகக் கிளாஸ் லீடரோடு மோத யாரும் துணியமாட்டார்கள். சில்லறைக்கு நடத்துனர் என்ன செய்வார் என்பது தனி ஆய்வுக்குரியது.

அதுவரை பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பேருந்தில் பிள்ளையின் வாயை அடைக்க வாங்கித்தரும் சாக்லேட்டின் விலையையும் அரை டிக்கெட்டின் விலையையும் ஒருமுறை கூட்டிக் கழித்துப் பாருங்கள். பக்கத்து ஊருக்குப் போவதென்றால் டிக்கெட்தான் மலிவு.