அச்சு முறிந்ததற்கு யார் பொறுப்பு?

போன சனிக்கிழமை லீவைப் பிடுங்கிக்கொண்டு எங்கள் ஆபீசில் பயிற்சி வகுப்பு நடத்தினார்கள். தலைப்பு, ‘பணியில் மனநிறைவு’. செங்கல்பட்டு வெயிலில் கோட்டுப் போட்டு வந்த ஒரு பயிற்சியாளர் எங்களைக் கண்ணை மூடச் சொன்னார். மூடினோம். அதில் எங்களுக்கு நல்ல அனுபவம் உண்டு.

“உங்களை உந்தித் தள்ளுவது எது?”

“காலைல அச்சரப்பாக்கம் ஸ்டேஷன்ல ஏறுற கூட்டம் சார்” என்றது பின்வரிசை. அவர் போர்டில் ‘கூட்டு முயற்சி’ என்று எழுதிக்கொண்டார்.

பிறகு, வழக்கம்போல், கலாம். 1979-இல் எஸ்.எல்.வி.-3 ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தபோது பத்திரிகைக்காரர்கள் முன்னால் தானே போய் உட்கார்ந்த இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான், 1980-இல் அது மேலே போனதும் கலாமைப் பேச அனுப்பிய கதை. பலமாகக் கைதட்டியவர் எங்கள் மேலதிகாரி. தட்டிய கை ஆறுவதற்குள், திங்கட்கிழமை, அவர் தொலைத்த ஃபைலுக்கு என்னிடம் விளக்கம் கேட்டு மெமோ.

அது கிடக்கட்டும். கூட்டு முயற்சியைப் பற்றி அச்சரப்பாக்கத்துக்காரனிடம் பேசலாமா? திரிபுரம் என்ற மூன்று கோட்டைகளை எரிக்க சிவபெருமான் கிளம்பிய தேர் அச்சு முறிந்து நின்ற ஊர் ஐயா இது! பூமியே தேர்த்தட்டு. சூரியனும் சந்திரனும் சக்கரம். நாலு வேதமும் குதிரை. ஓட்டியவர் பிரம்மா, நாலு தலை இருந்தும் கீழே ‘கடக்’ என்ற சத்தம் ஒரு காதிலும் விழவில்லை. மேரு வில், வாசுகி நாண். அம்பு யார் தெரியுமா? மகாவிஷ்ணு. அவ்வளவு பெரிய பதவியில் இருப்பவரை அந்த வேலைக்குப் போட்டிருக்கிறார்கள். அவருக்கு மனநிறைவு இருந்ததா என்று எவனாவது கேட்டானா? இவ்வளவும் திரட்டியவர்கள் பிள்ளையாரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதாவது, ஃபைல் அவர் மேஜை வழியாகப் போகவில்லை. ‘நம்ம வீட்டுப் பிள்ளைதானே, அப்புறம் சொல்லிக்கலாம்’ என்று ஏதோ ஒரு கண்காணிப்பாளர் நினைத்திருப்பார். முறிந்தது.

அச்சை முறித்தவருக்கு இங்கே அச்சுமுறி விநாயகர் என்று சந்நிதி இருக்கிறது. தேங்காய் உடைக்காமல் யாரும் தாண்ட மாட்டார்கள். அச்சைச் செய்த தச்சனுக்கு? அருணகிரிநாதர் வேறு திருப்புகழின் முதல் பாட்டிலேயே அச்சு முறிந்த விஷயத்தை ஏற்றிவிட்டார். ஆபீஸ் மெமோகூட ரிடையர்மென்ட்டோடு மறந்துபோகும். பாட்டில் ஏறினால் போகுமா?

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், தேரைச் சரிபண்ணி, தள்ளிக்கொண்டு போய் நிறுத்தியதும் சிவபெருமான் சும்மா ஒரு சிரிப்புச் சிரித்தார். மூன்று கோட்டையும் சாம்பல். வில்லுக்கும் வேலை இல்லை, அம்புக்கும் வேலை இல்லை. இனி அந்தத் தச்சன் எதை நினைத்து உளியைத் தொடுவான்?

மனநிறைவுக்கு மூன்று வழிகள் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் என்றார் பயிற்சியாளர். சாப்பாடு வந்தது. அவர் மாமல்லபுரத்தில் ஒரு ரிசார்ட்டில் அடுத்த வகுப்பு இருக்கிறதென்று கிளம்பிவிட்டார். அழுகிற முகத்திலிருந்து சிரிக்கிற முகம் வரை ஐந்து பொம்மை போட்ட படிவம் ஒன்றை மட்டும் நிரப்பித் தரச் சொன்னார்கள். நான் சிரிக்கிற முகத்தில் டிக் அடித்தேன். கோட்டைகள் ஞாபகம் வந்ததால். அந்தச் சனிக்கிழமைக்கு எழுதிக் கொடுத்த ஈடுசெய் விடுப்பு விண்ணப்பம் யார் மேஜையில் இருக்கிறதென்று இன்னும் தெரியவில்லை.