விசா வாத்தியார்

காலை ஆறரைக்குத் திருவனந்தபுரம் கிழக்கேகோட்டை பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் எறிகிற கூட்டத்தில், கக்கத்தில் பிளாஸ்டிக் ஃபைலை இடுக்கிக்கொண்டு ஒருவர் நிற்பார். பஞ்சகச்சம், குடுமி, கழுத்தில் ருத்ராட்சம். ஃபைலுக்குள் அமெரிக்க விசா மனுவான ஐ-129 பாரத்தின் நகல். விசா வாத்தியார் என்பது இவரைத்தான். புத்தன்தெரு, கரமனை, வலியசாலை என்று அக்கிரகாரத்துக்கு ஒருவராவது எப்போதும் உண்டு. பிள்ளையாரும் பொருத்தமானவரே. அவர் கோயிலைப் பார்த்துக்கொள்வது ராணுவம். சர்க்கார் காகிதம் நகர்கிற விதம் அவருக்குத் தெரியாததா?

பத்மநாபசுவாமி கோயிலில் ஆறு வருஷத்துக்கு ஒருமுறை 56 நாள் முறைஜபம் நடக்கும். அதற்காக வைதீகர்கள் இந்த ஊரைத் தேடி வந்த காலம் உண்டு. எழுபதுகளில் பிட்ஸ்பர்க், நியூயார்க் ஃப்ளஷிங் என்று அமெரிக்காவில் கும்பாபிஷேகங்கள் தொடங்கியதும் ஓட்டம் எதிர்த்திசைக்கு மாறியது. 1990-ம் வருஷச் சட்டம் சமயப் பணியாளருக்கென்று ஆர்-1 விசாவையே தனியாகக் கொடுத்துவிட்டது. மனுவைப் போடவேண்டியது அங்குள்ள கோயில். இங்கே வாத்தியாரின் வேலை, தான் வாத்தியார்தான் என்று நிரூபிப்பது.

அங்கேதான் சிக்கல். மனுவுக்கு முன் இரண்டு வருஷமாவது அதே சமயப் பிரிவில் இருந்திருக்க வேண்டும் என்பது விதி.

"ரெண்டு வருஷமா? பரத்வாஜ மகரிஷி காலத்துலேர்ந்து இருக்கோமாக்கும்!"

"அதுக்கு லெட்டர் வேணுமாமே, மாமா?"

"யாரு குடுப்பா? பரத்வாஜரா?"

சம்பள ரசீதும் கிடையாது. வெற்றிலை பாக்கில் மடித்து வரும் தட்சிணைக்கு யார் ரசீது போட்டார்கள்?

விசா விண்ணப்பமான டிஎஸ்-160 பாரத்தை சாலைக் கம்போளம் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் நிரப்புவார். தட்டுகிற பையன் மலையாளி.

"சாமி, குலம், கோத்ரம் வல்லதும் உண்டோ?"

உண்மையாகவே அந்தப் பாரத்தில் அப்படியொரு கேள்வி இருக்கிறது. வாத்தியாருக்கு அமெரிக்கா மேல் மதிப்பு பிறப்பது அந்தக் கணத்தில்தான். எழுந்து நின்று, இரண்டு காதையும் தொட்டுக்கொண்டு, மூன்று ரிஷிகளையும் வரிசையாகச் சொல்லி, கம்ப்யூட்டருக்கே அபிவாதயே செய்துவிடுவார். அடுத்தது, துப்பாக்கி, வெடி, அணு, ரசாயனம் இவற்றில் பயிற்சி உண்டா என்ற கேள்வி.

"கோயில்ல வெடி வழிபாட்டுக்குச் சீட்டு எழுதியிருக்கேனே. சொல்லணுமோ?"

பையன் அவசரமாக 'இல்லை'யை அமுக்குவான்.

வீட்டில் மாமிக்கு, கூடப் போகிற மனைவிக்கான ஆர்-2 விசா. அங்கே அவர் வேலை பார்த்துச் சம்பாதிக்கக்கூடாது. தங்குவது முதலில் 30 மாதம், நீட்டித்தால் மொத்தம் 5 வருஷம். வாத்தியார் இதைத் தயங்கித் தயங்கிச் சொல்ல, அடுக்களையிலிருந்து பதில் வரும்: "இங்க மாத்திரம் யாரு சம்பளம் குடுக்கறா?"

ஊருக்கெல்லாம் முகூர்த்தம் வைக்கிறவருக்குச் சென்னை ஜெமினி பாலத்தடி அமெரிக்கத் துணைத்தூதரகம் நேர்காணலுக்கு வைக்கிற முகூர்த்தம் வெள்ளிக்கிழமை பதினொரு மணி. அசல் ராகுகாலம். இன்னொருத்தர் இந்த நேரத்தில் பெண் பார்க்கப் புறப்பட்டால் வாசலிலேயே மறித்திருப்பார். தனக்கென்று வரும்போது சாஸ்திரம் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். "அவாளுக்கு அப்போ நடுராத்திரி, கேட்டேளா. நடுராத்திரியில ஏது ராகுகாலம்?" என்று அனந்தபுரி எக்ஸ்பிரஸில் ஏறிவிடுவார்.

திரும்பி வந்தபின் விஷயத்தை வெளியே விடமாட்டார். கண் பட்டுவிடுமாம். ஆனால் வலியசாலையில் ஓர் ஆயுஷ்ய ஹோமம். யஜமானரின் பிள்ளை நியூஜெர்சியில் இருக்கிறான். ஜம்பூத்வீபே என்று வழக்கமாக வரவேண்டிய சங்கல்பத்தில், அமெரிக்காவுக்கென்று வைத்திருக்கும் க்ரௌஞ்சத்வீபே வாய்தவறி வந்து விழும்.

யஜமானர் அட்சதையைக் கையிலேயே நிறுத்திக்கொண்டு கேட்பார்: "ஸ்டாம்பிங் ஆயாச்சோ?"